குறுகிய ஆயுளும் நீண்ட தடமும்: வாஷிங்டன் ஹார்ட்கோர் பங்க் களமும் மைனர் த்ரெட் குழுவும் (1980–1983)

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 1980ஆம் ஆண்டின் இறுதியில் தோன்றி, 1983 செப்டம்பரில் இறுதி நிகழ்ச்சியை நடத்திய மைனர் த்ரெட் என்னும் இசைக்குழுவை, அதன் பாடல்களைக் கொண்டு மட்டுமன்றி அதனைத் தாங்கிநின்ற உள்ளூர்க் களத்தைக் கொண்டும் இக்கட்டுரை ஆராய்கிறது. பதிப்பு, அரங்கு ஆகியவற்றில் அக்களம் உருவாக்கிய ஏற்பாடுகளே குழுவினை வரலாற்றில் நிறுத்தின என்பதும், அவ்வேற்பாடுகளின் எல்லைகள் யாவை என்பதும் விவாதிக்கப்படுகின்றன. தமிழ்ச் சிற்றிதழ் மரபு ஒப்பீட்டுக்குக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஹார்ட்கோர் பங்க், மைனர் த்ரெட், டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ், உள்ளூர்க் களம், சிற்றிதழ், ஆவணம்.

முன்னுரை

1970களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் உருப்பெற்ற பங்க் இசை, தேர்ந்த பயிற்சி இல்லாதவரும் மேடையேறலாம் என்னும் நிலைப்பாட்டை முன்வைத்தது. சில ஆண்டுகளுக்குள் பெரிய இசைத்தட்டு நிறுவனங்கள் அதன் ஒரு பகுதியைத் தம்முள் ஈர்த்துக்கொண்டன. 1980ஐ ஒட்டி அமெரிக்க நகரங்கள் பலவற்றில், மேலும் விரைவும் சுருக்கமும் கொண்ட ஹார்ட்கோர் என்னும் வடிவம் எழுந்தது. அதனை வளர்த்த குழுக்களுள் பல ஓரிரு ஆண்டுகளில் கலைந்தன.

குறுகிய ஆயுளைத் தோல்வியாகக் கொள்வது இசை வரலாற்றில் எளிதில் நேரும் பிழை. சிற்றிதழ்களை அறிந்த தமிழ் ஆய்வாளருக்கு இக்கணக்கின் போதாமை தெரியும். சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய ‘எழுத்து’ 119 இதழ்களோடு 1970இல் நின்றது. எனினும் அதனைத் தவிர்த்துத் தமிழ்ப் புதுக்கவிதையின் வரலாற்றை எழுத இயலாது. நின்றுபோன ஒன்று எவ்வழியாகத் தொடர்கிறது என்னும் அதே வினாவை ஓர் இசைக்குழுவிடம் எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நகரமும் முன்னோடிகளும்

1980ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வாஷிங்டன் மக்கள்தொகையில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். நாட்டில் பெரும்பான்மையினரான வெள்ளையர் இந்நகரில் சிறுபான்மையினர். ஆயினும் வடமேற்குப் பகுதியின் வசதியான குடியிருப்புகள் பெரும்பாலும் அவர்களுடையவை. ஹார்ட்கோர் இளைஞர் பலர் அப்பகுதியிலிருந்து வந்தனர். அவர்களுக்கு வழிகாட்டியதோ கறுப்பின இசைஞர் நால்வரைக் கொண்ட பேட் பிரெயின்ஸ் குழு. ஜாஸ் கலப்பிசையில் தொடங்கிப் பங்க் இசைக்கு வந்த அந்நால்வரின் வேகமும் நுட்பமுமே நகரின் இளம் குழுக்களுக்கு அளவுகோலாயின.

வில்சன் உயர்நிலைப் பள்ளியில் பயின்ற இயன் மெக்காயும் ஜெஃப் நெல்சனும் டீன் ஐடில்ஸ் என்னும் குழுவில் இணைந்து வாசித்தனர். அக்குழு 1980இன் இறுதியில் கலைந்தது. உடனே மெக்காய் பாடகராகவும் நெல்சன் டிரம்ஸ் இசைப்பவராகவும் மைனர் த்ரெட் உருவாயிற்று. லைல் பிரெஸ்லர் கிதாரும் பிரயன் பேக்கர் பேஸ் கிதாரும் இசைத்தனர். 1981இல் இரண்டு சிறு இசைத்தட்டுகள் வெளிவந்தன. அவ்வாண்டே பிரெஸ்லர் பல்கலைக்கழகப் படிப்புக்காக நகரை நீங்கியதால் குழு கலைந்து, 1982இல் மீண்டும் கூடியது. 1983இல் ‘அவுட் ஆஃப் ஸ்டெப்’ வெளிவந்தது. இசைப்போக்கு குறித்த கருத்து வேறுபாடு முற்றியதால், அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று நடந்த நிகழ்ச்சியே இறுதியாயிற்று.

வயதும் அரங்கும்

அக்கால இசையரங்குகள் பல மது விற்பனையைச் சார்ந்து இயங்கியமையால், மது அருந்தும் வயதை எட்டாதோர் வாயிலிலேயே தடுக்கப்பட்டனர். இசைப்போரே பள்ளி மாணவராக இருந்த களத்தில் இத்தடை அடிப்படைச் சிக்கலாயிற்று. 1980இல் சான் பிரான்சிஸ்கோ சென்ற டீன் ஐடில்ஸ் குழுவினரின் கைகளில், மது வழங்கலாகாது என்பதைக் குறிக்கப் பெருக்கற்குறி இடப்பட்டது. ஊர் திரும்பியதும் அம்முறையையே உள்ளூர் அரங்குகளிடம் முன்மொழிந்தனர். விலக்கின் குறியாக இருந்தது நுழைவின் குறியாக மாறியது. எல்லா வயதினருக்கும் திறந்த நிகழ்ச்சி என்பது வாஷிங்டன் களத்தின் நெறியாயிற்று.

மது, போதைப்பொருள் ஆகியவற்றை மறுத்து மைனர் த்ரெட் இசைத்த ‘ஸ்ட்ரெய்ட் எட்ஜ்’ ஒரு நிமிடத்துக்கும் குறைந்த பாடல். தனிமனித நிலைப்பாட்டைச் சொல்ல எழுதப்பட்ட அப்பாடலின் பெயரால் பல நாடுகளில் ஓர் இயக்கம் எழுந்தது. அவ்வியக்கத்தைத் தாம் தோற்றுவிக்கக் கருதவில்லை என்பதை மெக்காய் பலமுறை கூறியுள்ளார்.

பதிப்பும் கைவேலையும்

டீன் ஐடில்ஸ் குழு தன் நிகழ்ச்சிகளில் சேர்த்த சில நூறு டாலரைப் பங்கிட்டுக்கொள்ளவில்லை. கலைந்துவிட்ட குழுவின் பாடல்களை இசைத்தட்டாக்க அத்தொகை செலவிடப்பட்டது. அதற்கெனத் தோன்றிய பதிப்பகமே டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ். ஒலிப்பதிவு டான் சியென்டாரா தம் வீட்டில் நடத்திய கூடத்தில் நிகழ்ந்தது. உறைகளை நண்பர்கள் கையால் வெட்டி, மடித்து, ஒட்டினர். உள்ளூர்க் குழுக்களை மட்டும் வெளியிடுதல், எழுத்து ஒப்பந்தமின்றி இலாபத்தைப் பகிர்தல், குறைந்த விலையைத் தட்டிலேயே அச்சிடுதல் ஆகியன அதன் நடைமுறைகளாயின.

1982இல் டிஸ்கார்ட் வெளியிட்ட ‘ஃபிளெக்ஸ் யுவர் ஹெட்’ தொகுப்பில் பதினொரு குழுக்கள் இடம்பெற்றன. அவற்றுள் சில அப்போதே கலைந்திருந்தன. ‘எழுத்து’ இதழின் கவிதைகளிலிருந்து செல்லப்பா 1962இல் ‘புதுக்குரல்கள்’ தொகுத்ததை இதனோடு ஒப்பிடலாம். இரு தொகுப்புகளும் சிதறிய குரல்களை ஒரு வட்டமாகக் காட்டின. செல்லப்பா தம் வெளியீடுகளைச் சுமந்து கல்லூரிதோறும் சென்று விற்றதும் வாஷிங்டன் இளைஞர் உறை ஒட்டியதும் சந்தைக்கு வெளியே நிகழ்ந்த ஒரே வகை உழைப்பு.

களத்தின் எல்லைகள்

தொகுப்பு ஆவணமாகும்போது விடுபடலும் ஆவணமாகிறது. முழுவதும் பெண்களாலான சாக் சர்க்கிள் குழு 1981 முதல் 1983 வரை இதே நகரில் இயங்கியும் மேற்கூறிய தொகுப்பில் இல்லை. அக்குழுவின் ஷாரன் செஸ்லோ, சிந்தியா கானலி, லெஸ்லி கிளேக் ஆகியோருடன் இணைந்து 1988இல் ‘பேன்ட் இன் டிசி’ என்னும் ஒளிப்பட நூலைத் தொகுத்தார். களத்தின் முதன்மைப் பதிவுகளுள் ஒன்றை உருவாக்கியவர்கள் பெண்களே என்பது கருதத்தக்கது.

இனம் குறித்த சிக்கல் இன்னும் ஆழமானது. ‘கில்ட்டி ஆஃப் பீயிங் வைட்’ பாடல், கறுப்பின மாணவர் பெரும்பான்மையாக இருந்த பள்ளியில் மெக்காய் எதிர்கொண்ட அனுபவத்திலிருந்து எழுந்தது. இனவாத எதிர்ப்பே தம் நோக்கம் என்பது அவர் விளக்கம். ஆனால் கேட்போர் பலர் அதனை வெள்ளையரின் மனக்குறையாகவே கொண்டனர். 1996இல் ஸ்லேயர் குழு இதனை மறுபதிவு செய்தபோது இறுதியில் ஒரு சொல்லை மாற்றியது, பொருள் தலைகீழாயிற்று. உள்ளூர்ச் சூழலை நம்பி எழுதப்பட்ட பனுவல் அச்சூழலை இழக்கும்போது நேரும் இடர் இது. அடிமை முறையின் வரலாற்றுச் சுமையைத் தனிமனித அனுபவத்துக்குள் சுருக்கியதால், பாடலே அவ்விடருக்கு இடமளித்தது எனலாம்.

முடிவுரை

இறுதி நிகழ்ச்சியில் மைனர் த்ரெட் குழுவுடன் டெக்சாஸின் பிக் பாய்ஸ் குழுவும், வாஷிங்டன் கறுப்பின மக்களின் கோ-கோ இசையை வழங்கிய ட்ரபிள் ஃபங்க் குழுவும் மேடையேறின. ஒரே நகரில் அருகருகே வளர்ந்த இரு உள்ளூர் இசைகள் சந்தித்த அரிய தருணம் அது. 1985இன் கோடையில் நண்பர் வட்டத்தினர், கூட்டத்தில் பெருகிய வன்முறையையும் ஆண்மைய மனப்பான்மையையும் மறுத்துப் புதிய குழுக்களைத் தொடங்கினர். களம் தன்னைத் தானே விமரிசித்துக்கொள்ள அதன் பதிப்பகமும் அரங்க நெறியும் எஞ்சியிருந்தமையே வழிவகுத்தது.

வாஷிங்டன் பொது நூலகம் 2014இல் பங்க் ஆவணக் காப்பகத்தைத் தொடங்கியது. துண்டறிக்கையும் கையொட்டு உறையும் அங்கு வரலாற்றுச் சான்றுகளாயின. தமிழகத்தின் சிறு இசைக்குழுக்கள், மெல்லிசைக் குழுக்கள், கானா பாடகர் வட்டங்கள் ஆகியவற்றின் சுவரொட்டிகளும் ஒலிநாடாக்களும் இத்தகைய சான்றுகளே. சிற்றிதழுக்கு அளிக்கப்பட்ட ஆய்வுக் கவனம் அவற்றுக்கும் அளிக்கப்பட வேண்டும். குழு கலைவது இயல்பு. அதன் தாள்களும் நாடாக்களும் அழிந்தால் வரலாறே இல்லாமற்போகும்.