பரமபதப் படம்: ஒரு சாகச ஆட்டத்தின் தகுதி

மார்கழி மாதத்தில் மயிலாப்பூர் மாடவீதிகளில் நடப்பவர்கள், கோலப்பொடிக்கும் திருப்பாவைப் புத்தகங்களுக்கும் நடுவே, மெல்லிய தாளில் அச்சிட்ட பரமபத சோபான படத்தைக் கண்டிருப்பார்கள். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கத் துணையாக அதை வாங்கிச் செல்வது இங்கே பழைய வழக்கம். பேயாழ்வார் பிறந்ததாக மரபு சொல்லும் ஊரில் இது வியப்பன்று. ஆனால் இவ்வளவு பழகிய ஒன்றை நாம் மதிப்பிட்டுப் பார்ப்பதில்லை. பக்தி என்றோ பிள்ளை விளையாட்டு என்றோ ஒதுக்கிவிடுகிறோம். அதை ஒரு சாகசப் பயணத்தின் வரைபடமாகக் கொண்டு எடைபோட்டுப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

எடைபோட ஓர் அளவுகோல் வேண்டுமல்லவா? அதை அமெரிக்காவிலிருந்து கடன் வாங்குவோம். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் ஆட்டம் 1974இல் வெளிவந்தது. மேசையைச் சுற்றிச் சிலர் அமர்வர். ஒருவர் கதைசொல்லி, மற்றவர்கள் வீரனாகவும் மாயாவியாகவும் திருடனாகவும் வேடம் ஏற்று, பொறிகள் நிறைந்த நிலவறைகளுக்குள் இறங்குவர். கைகாக்ஸ் 1975இல் ஒரு விளையாட்டு மாநாட்டில் நடத்தி, 1978இல் நூலாக்கிய 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' இவ்வகையில் மிகப் பேர்பெற்றது. அதன் சுவர் ஒன்றில் பச்சை நிறப் பூதமுகம் வாய்பிளந்து நிற்கும். வழி என்று நம்பி அதற்குள் நுழைபவர் அங்கேயே இல்லாமற் போவார். அவருடைய கதை அத்துடன் முடிந்தது.

இத்தகைய சாகசங்களைத் தேர்ந்த ஆட்டக்காரர்கள் மதிப்பிடும்போது மூன்று கேள்விகள் முதன்மையாக எழும். ஆடுபவரின் முடிவுக்கு மதிப்பு உண்டா? ஆபத்து நேர்மையாக வைக்கப்பட்டிருக்கிறதா? வீழ்ந்தவர் என்ன ஆகிறார்? நம் படத்தையும் இக்கேள்விகளின் முன் நிறுத்துவோம்.

அதற்குமுன் சிறிது வரலாறு. வட இந்தியாவில் ஞான சௌபட் என்ற பெயரில் வழங்கிய பலகைகளில் வைணவ மரபினது 72 கட்டங்களும், சமண மரபினது 84 கட்டங்களும் கொண்டிருந்தன. பாம்பும் ஏணியும் வெறும் உருவங்களாக இல்லாமல், பாவத்தையும் புண்ணியத்தையும் பெயர் சொல்லிக் குறித்தன. 1890களில் இது இங்கிலாந்து சென்றபோது சிக்கனம், உழைப்பு என விக்டோரியா காலத்து நற்குணங்கள் ஏணிகளாயின. இந்தியப் பலகையில் பாம்புகளே மிகுதி. ஆங்கிலப் பலகையில் இரண்டும் சம எண்ணிக்கைக்கு வந்தன. அமெரிக்காவில் 1943இல் பாம்புகள் நீங்கிச் சறுக்குமரங்கள் வந்துவிட்டன. இன்று தியாகராய நகர்க் கடைகளில் நாம் பிள்ளைகளுக்கு வாங்கும் அட்டைப்பலகை, அப்பெயர்களையெல்லாம் உதிர்த்துவிட்டுத் திரும்பி வந்த நூறு கட்டங்களே.

தமிழ்நாட்டுப் படத்தின் பெயருக்கு மற்றொரு பின்னணியும் உண்டு. 'பரமபத சோபானம்' என்ற பெயரில் வேதாந்த தேசிகர் (1268–1369) ஒரு நூல் இயற்றியிருக்கிறார். விவேகத்தில் தொடங்கி இறைவனை அடைவது வரை, உயிரின் ஏற்றத்தை ஒன்பது படிகளாக அது வகுக்கிறது. அந்நூலில் படிகள் மட்டுமே உள்ளன. நம் படமோ படிகளின் நடுவே பாம்புகளை நெளியவிட்டது. தத்துவம் கதையாவது அந்த இடத்தில்தான் எனலாம்.

இனி முதற்கேள்வி. முதுகலை வகுப்பில் இப்படத்தை விரித்துக் காட்டியபோது ஒரு மாணவி கேட்டார்: "ஐயா, ஏணி ஏறியவன் அறம் செய்து ஏறினானா, தாயம் விழுந்து ஏறினானா?" நாம் உடனே விடை சொல்ல இயலவில்லை. ஆளுக்கொரு காய், தாயக்கட்டை சொன்னபடி நகர வேண்டியதுதான். தேர்ந்தெடுக்க எதுவுமில்லை. தேர்வு இல்லாத இடத்தில் அறம் ஏது? சாகச ஆட்டம் என்ற அளவில் இது பெருங்குறை, மறைப்பதற்கில்லை. ஆயினும் வைணவத்துக்குள்ளேயே இக்கேள்வி பழையது. தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியைப்போல உயிரும் முயல வேண்டும் என்பது வடகலை. தாய்ப்பூனை கவ்விச் செல்லும் குட்டியைப்போல முயற்சியற்றிருந்தால் போதும் என்பது தென்கலை. படத்தின் ஏணிகள் குரங்கின் பக்கமும் தாயக்கட்டை பூனையின் பக்கமும் நிற்கின்றன. ஒரே தாளில் இரண்டும் இருப்பதை முரண் என்றும் சொல்லலாம். வாழ்க்கை அப்படித்தான் இருக்கிறது என்றும் சொல்லலாம்.

இரண்டாவது கேள்வியில் படம் எளிதாக வெல்கிறது. நிலவறையில் பொறிகள் ஒளிந்திருக்கும். இங்கே எல்லாப் பாம்புகளும் வாய்திறந்து, முதல் உருட்டலுக்கு முன்பே கண்ணெதிரில் கிடக்கின்றன. உச்சிக்கு அருகே காத்திருக்கும் பெரும்பாம்பை ஆட்டம் முழுவதும் பார்த்துக்கொண்டே ஏறுகிறோம். அச்சம் பிறப்பது அறியாமையால் அன்று. அறிந்தும் தவிர்க்க இயலாமையால்.

மூன்றாவதே நம் தீர்ப்பைத் தீர்மானிப்பது. பூதத்தின் வாய் விழுங்கியவரை அழித்துவிடுகிறது. பாம்பின் வாய் விழுங்கியவரை வாலில் விட்டுவிடுகிறது. அவர் மீண்டும் கட்டையைக் கையில் எடுக்கலாம். இப்படத்தில் சாவு இல்லை, வெளியேற்றமும் இல்லை. ஏறுவதும் சறுக்குவதுமாக ஆட்டம் முடிவின்றி நீள்கிறதே என்று இன்றைய ஆட்டக்காரர் குறை கூறக்கூடும். ஆனால் எதற்காக ஆடப்பட்டது என்பதை நினைத்தால் அதுவே அதன் திறமை. விடியலில் கோயில்களில் பரமபத வாசல் திறக்கும்வரை விழித்திருக்க வேண்டும். விரைவில் முடிந்துவிடும் ஆட்டம் அந்த இரவுக்கு உதவாது. பாட்டியும் பேத்தியும் ஒரே பாயில் அமர, இருவரில் எவரும் நடுவில் தோற்று எழுந்துபோகாத ஆட்டம் வேண்டும்.

குறை இன்னொன்றும் உண்டு. வீழ்ச்சியை இழிபிறப்பாகவும் ஏற்றத்தை உயர்பிறப்பாகவும் காணும் பார்வை இம்மரபின் அடியில் இருக்கிறது. பிறப்பைத் தரம்பிரிக்கும் அக்கணக்கை நாம் அப்படியே ஏற்க இயலாது. ஆயினும் பெயர்களை நீக்கிவிட்ட அட்டைப்பலகை அதற்கு மாற்றாகாது. பெயர் இருந்தால்தான் வாதிட முடியும். அந்த மாணவி கேட்டதும் பெயர்கள் இருந்ததால்தான்.

அடுத்த மார்கழியில் மாடவீதியில் இத்தாளை வாங்குவோர், கட்டையை உருட்டுமுன் கட்டங்களை ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டுகிறோம். மாணவியின் கேள்விக்கு முழுமையான விடை நம்மிடம் இன்னும் இல்லை. அவருக்கு ஒரு படம் வாங்கிக் கொடுத்திருக்கிறோம்.