கவுன்ட் மட்டும் போதாது பாஸ்... பிளேட்லெட் கூலா இருக்கணும்னா தினமும் நடங்க!

டெங்கு சீசன் வந்தால்தான் நம்மில் பலருக்கு பிளேட்லெட் ஞாபகமே வரும். ‘கவுன்ட் எவ்வளவு?’ என்பதுதான் முதல் கேள்வி. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இருந்தால் நார்மல். ஆனால், இதயத்தைப் பொறுத்தவரை இந்த எண்ணிக்கை மட்டும் போதாது. அந்தத் தட்டணுக்கள் எவ்வளவு சீக்கிரம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்கின்றன என்பதும் முக்கியம்.

காவல்காரனே வில்லன் ஆனால்..?

கையில் வெட்டுப்பட்டால் ஓடிவந்து ஒட்டிக்கொண்டு, ரத்தம் வீணாகாமல் அடைப்பவை தட்டணுக்கள்தான். ஆனா, இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோற குழாயில் கொழுப்பு படிஞ்சு, அந்தப் படிவு திடீர்னு வெடிச்சா, அதையும் காயம்னு நினைச்சு மொய்ச்சுடும். அங்கே ரத்தம் உறைந்து, குழாய் அடைபடும். பெரும்பாலான மாரடைப்புகள் இப்படித்தான் வருகின்றன. மாரடைப்பு வந்தவர்களுக்கு டாக்டர்கள் ஆஸ்பிரின் கொடுப்பதும் இந்த ஒட்டும் தன்மையைக் குறைக்கத்தான்.

நடந்தால் என்ன நடக்கும்?

வேகமான நடை, ஜாகிங், சைக்கிளிங், நீச்சல்... இவையெல்லாம் ஏரோபிக் பயிற்சிகள். இவற்றைச் செய்யும்போது ரத்த ஓட்டம் வேகமாகும். அந்த வேகத்தில் ரத்தக்குழாயின் உள்சுவர் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவை அதிகமாக வெளியிடும். அது குழாயை விரிக்கும். ‘சும்மா இரு’ என்று தட்டணுக்களையும் அடக்கிவைக்கும். இதயம், ரத்தக்குழாய்களில் இந்த வாயுவின் வேலையைக் கண்டறிந்ததற்காகத்தான் 1998-ல் மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு ட்விஸ்ட்!

மாசக்கணக்கா சேரை விட்டு எழாம இருந்துட்டு, திடீர்னு ஒருநாள் டர்ஃபில் மூச்சிரைக்க ஃபுட்பால் ஆடுறீங்களா? அப்போ நடப்பது நேர் எதிர். அட்ரினலின் எகிறும், தட்டணுக்கள் வழக்கத்தைவிட அதிகமாக ஒட்டத் தொடங்கும். தொடர்ந்து பயிற்சி செய்பவர்களுக்கு இந்தத் துள்ளல் குறைவு. அதனால், ஆடவே கூடாது என்றில்லை. உடம்பைப் பழக்கிவிட்டு ஆடுங்கள்.

எப்படித் தொடங்கலாம்?

* வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான பயிற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினமும் 30 நிமிடம், 5 நாள்கள் போதும்.

* பயிற்சியின்போது பேச முடியணும். ஆனா, பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

* முதல் 5 நிமிடம் மெதுவாகத் தொடங்கி, கடைசி 5 நிமிடம் மெதுவாக முடியுங்கள்.

* சுகர், பி.பி, குடும்பத்தில் இதயநோய் இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஆஸ்பிரினை நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

* டெங்குக் காய்ச்சலில் பயிற்சி வேண்டாம், ஓய்வுதான் மருந்து.

* நெஞ்சு அழுத்தம், கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, திடீர் வியர்வை வந்தால் உடனே நிறுத்திவிட்டு 108-ஐ அழையுங்கள்.

ஒரு தட்டணுவின் ஆயுள் சுமார் 7 முதல் 10 நாள்கள்தான். புதுசு புதுசா வந்துகிட்டே இருக்கும். பயிற்சியை நிறுத்தினா, அதனால கிடைச்ச பலனும் கொஞ்சம் கொஞ்சமா போயிடும். அதனால, பெருசா ப்ளான் போட வேண்டாம். இன்னிக்குச் சாயங்காலம் ஒரு 10 நிமிஷம் நடங்க... நாளைக்கும் நடங்க!