ஊசலைச் சுற்றிய காற்று

திரவத்துக்குள்ளோ வாயுவுக்குள்ளோ அதிரும் கருவி எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்கிட்டுச் சொல்வது கணினி யுகத்தின் சாதனை என்றே பலரும் நினைக்கிறார்கள். அந்தக் கணக்கைப் பிறப்பித்தது ஊசல். புவியீர்ப்பை அளக்க 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைவிட நுட்பமான கருவி கிடையாது; 1821இல் சென்னை வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்காம்கூட அதைக் கொண்டே அளந்தார். ஊசல் ஆடுவது காற்றில் என்பதால், காற்றின் மிதப்பு விசைக்கு ஒரு திருத்தம் செய்வார்கள், அத்தோடு விட்டுவிடுவார்கள். அது போதாது என்று 1828இல் ஜெர்மானிய வானியலாளர் பெஸ்ஸல் காட்டினார். ஆடும் குண்டு சுற்றியுள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு ஆடுகிறது. அந்தச் சுமை ஊசலைத் தாமதப்படுத்துகிறது. லண்டனில் வானியலாளர் பிரான்சிஸ் பெய்லி குண்டுகளை மாற்றி மாற்றித் தொங்கவிட்டு, காற்றிலும் காற்றை வெளியேற்றிய கலத்திலும் ஆட்டிப் பார்த்தார். உராய்வற்ற காற்றை வைத்துப் போட்ட கணிதம், எந்த அளவுக் குண்டானாலும் மிதப்புத் திருத்தத்தை 1.5 மடங்காக்கினால் போதும் என்றது. பெய்லிக்கு 2 அங்குலக் குண்டில் கிடைத்தது ஏறத்தாழ 1.75, ஒன்றரை அங்குலக் குண்டிலோ 1.86. இந்த முரண்பாட்டுக்கு விடையாகத்தான் 1850 டிசம்பரில் கணிதவியலாளர் ஸ்டோக்ஸ் தம் கட்டுரையை கேம்பிரிட்ஜில் வாசித்தார். காற்றின் பாகுத்தன்மையை, அதாவது அதன் உள் உராய்வை, சமன்பாட்டில் சேர்த்ததும் குண்டின் அளவு ஏன் முக்கியம் என்பது விளங்கிவிட்டது.

ஸ்டோக்ஸ் தீர்த்தது உருண்டையும் உருளையும்தானே, நிஜக் கருவிக்குக் கணினி வேண்டாமா என்று கேட்கலாம். கட்டாயம் வேண்டும். குழாயில் பாயும் திரவத்தை அளக்கும் கோரியாலிஸ் ஓட்டமானியில் அதிரும் வளைகுழாய் திரவத்தைத் தள்ளுகிறது, திரவம் குழாயைத் திருப்பித் தள்ளுகிறது; குழாயின் இரு கால்களின் அதிர்வுக்கு இடையே விழும் நுண்ணிய நேர வித்தியாசம்தான் ஓட்டத்தின் அளவு. கலங்கிச் சுழலும் ஓட்டத்தில் இரண்டையும் சேர்த்துத் தீர்க்கக் காகிதம் போதாது. ஆனால் சிமுலேஷன் வந்துவிட்டதால் சோதனையைக் குறைத்துக்கொள்ளலாம் என்ற வாதத்தை ஸ்டோக்ஸின் கதையே மறுக்கிறது. சபைன் என்ற ஆய்வாளர் செய்த ஒரு சோதனையை நம்பி, காற்றின் அடர்த்தி குறையக் குறைய அதன் பாகுத்தன்மையும் குறையும் என்று ஸ்டோக்ஸ் கொண்டார். பெய்லியின் எண்களோடு கணக்கு அழகாகவே பொருந்தியது. பாகுத்தன்மைக்குக் கிடைத்த மதிப்பு மட்டும் உண்மையைவிட வெகுவாகக் குறைவு. பொருந்திவிட்ட கணக்குக்குள்ளேயே பிழை ஒளிந்திருந்தது. அதைப் பிடித்ததும் அதிரும் கருவிதான்: இயற்பியலாளர் மேக்ஸ்வெல் தம் லண்டன் வீட்டு மாடியில், மனைவி கேத்தரீனின் துணையோடு, கம்பியில் தொங்கிய கண்ணாடித் தட்டுகளை ஊசலாடவிட்டு, காற்றழுத்தம் குறைந்தாலும் பாகுத்தன்மை மாறவில்லை என்று 1866இல் அறிவித்தார். எவ்வளவு சிமுலேஷன் செய்து வடிவமைத்த கோரியாலிஸ் ஓட்டமானியானாலும், அதற்குள் தண்ணீரைப் பாய்ச்சி, அந்தத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்துத் தராசில் நிறுத்துச் சரிபார்க்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது.