வௌவாலின் ரத்தத்தில் ஒரு பெயர்

வௌவாலின் ரத்தத்தில் ஒரு மனிதருடைய பெயர் கலந்திருக்கிறது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் விஷயம் உண்மைதான். பின்லாந்து தேசத்து வௌவால்களின் ரத்தத்தில் ‘பார்டொனெல்லா’ என்ற நுண்கிருமி இருப்பதாக 2014-ம் வருஷம் விஞ்ஞானிகள் தெரிவித்தார்கள். பார்டன் என்பது ஒரு வைத்தியரின் பெயர். அந்தப் பெயருக்குப் பின்னால் வேறோர் இளைஞனின் உயிர் இருக்கிறது. அவன் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

தென் அமெரிக்காவிலுள்ள பெரு நாட்டின் தலைநகர் லிமா. அங்கிருந்து ஆண்டீஸ் மலையில் ஏறி ஒரோயா என்ற ஊருக்குப் போகும் ரயில் பாதை வேலை 1870-களில் மும்முரமாக நடந்தது. பாறை பிளந்த கூலியாட்களை ஒரு காய்ச்சல் பற்றிக்கொண்டது. ரத்தம் வற்றி, உடல் வெளுத்து, ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள். ‘ஒரோயாக் காய்ச்சல்’ என்று அதற்குப் பெயர் வந்தது. அதே மலைப் பள்ளத்தாக்குகளில் இன்னொரு வியாதியும் உண்டு. தோலில் சிவந்த மருக்கள் கிளம்பும். ஆனால் ஆள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வான். ஒன்று கொல்கிறது, மற்றொன்று கொல்வதில்லை. இரண்டும் ஒரே நோயா, வெவ்வேறா? வைத்தியர்கள் வாதம் செய்துகொண்டிருந்தார்கள்.

டானியல் அல்சிடெஸ் காரியோன் வாதம் செய்யவில்லை. லிமாவில் மருத்துவ மாணவன், வயது 28. 1885 ஆகஸ்டு 27-ம் தேதி, ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு நோயாளியின் மருவிலிருந்து எடுத்த ரத்தத்தைத் தன் கைகளில் ஏற்றிக்கொண்டான். மூன்று வாரம் ஒன்றுமில்லை. பிறகு உடம்பு சுட்டது. வந்தது மருவா? இல்லை, ஒரோயாக் காய்ச்சல்! தன் நோயின் போக்கைத் தானே குறித்து வந்தான். கை ஓய்ந்த பிறகு நண்பர்கள் எழுதினார்கள். அக்டோபர் 5-ம் தேதி உயிர் பிரிந்தது. இரண்டு நோய்க்கும் வேர் ஒன்றே என்பதற்கு அவன் உடம்பே சாட்சியாயிற்று. அந்த நாளைப் பெரு நாட்டார் மருத்துவ தினமாகக் கொண்டாடுகிறார்கள். ‘காரியோன் நோய்’ என்ற பெயரும் நிலைத்துவிட்டது.

கிருமியைக் கண்டுபிடித்தவர் ஆல்பர்ட்டோ பார்டன். நோயாளிகளின் ரத்தச் சிவப்பணுக்களில் அதை 1905-ல் பார்த்து, 1909-ல் வெளியிட்டார். மணல் ஈ என்னும் சின்னஞ்சிறு பூச்சி கடித்து அதைப் பரப்புகிறது என்பது பின்னர் தெரிந்தது. அந்தக் கிருமிக்குப் பெரிய குடும்பம் உண்டு. முதல் உலக யுத்தத்தில் பதுங்குகுழிச் சிப்பாய்களைப் பேன் மூலம் வாட்டிய காய்ச்சலும், பூனை பிறாண்டுவதால் வரும் காய்ச்சலும் அந்தக் குடும்பத்துக் கிருமிகளின் வேலைதான்.

2010-ம் வருஷம் அந்தக் குடும்பத்தில் ஒரு புதிய உறுப்பினர் சேர்ந்தார். அமெரிக்காவில் அயோவா மாகாணத்து நோயாளி ஒருவரின் இருதய வால்வை அறுவை செய்து எடுத்தபோது, அதில் அதுவரை அறியாத பார்டொனெல்லா இருந்தது. மேயோ, திமோன் என்ற இரு மருத்துவ நிலையங்களின் பெயரைச் சேர்த்து ‘மேயோதிமோனென்சிஸ்’ என்று பெயரிட்டார்கள். அது எங்கிருந்து வந்தது? நாலு வருஷம் கழித்துப் பின்லாந்து வௌவால்களிடம் விடை கிடைத்தது. அங்கிருந்த கிருமியின் மரபணுக்கள் இதனோடு பொருந்தின. அயோவாக்காரரை ஒரு வௌவால் கடித்தது என்று இதற்கு அர்த்தமில்லை. அந்தக் கிருமி வௌவாலின் உடம்பில் குடியிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

உடனே கம்பை எடுத்துக்கொண்டு வௌவாலை அடிக்கக் கிளம்பிவிடாதீர்கள். இரவெல்லாம் பூச்சிகளைத் தின்று நமக்கு உபகாரம் செய்யும் பிராணி அது. வெறுங்கையால் தொடாமல் இருந்தால் போதும். பயந்தவர்கள் கம்பைத்தான் தேடுவார்கள். காரியோன் பயப்படவில்லை, காரணத்தைத் தேடினான். கிருமிக்கு வேறொருவர் பெயர் கிடைத்தது; அவனுக்குக் கிடைத்தது நோயின் பெயர். அதை அவன் 28 வயதில் விலை கொடுத்து வாங்கினான்.