லாலா மலரும் நிலச்சம்பங்கியும்

சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில் உறவினர் ஒருவர் துலிப் மலரின் கிழங்குகள் ஆறினை வரவழைத்து நமக்கு அன்பளிப்பாகத் தந்தார். பட்டினப்பாக்கத்தில், கடலுக்கு எதிரே நிற்கும் அடுக்குக் குடியிருப்பு ஒன்றின் மாடி முகப்பே நமது தோட்டம். மணலும் மட்கிய எருவும் கலந்த தொட்டியில் அவற்றை நட்டு, நாள்தோறும் பார்த்திருந்தோம். நான்கு அழுகின. இரண்டு மட்டும் தை பிறந்ததும் இலை விரித்தன. மாசி முடிவதற்குள் அவ்விலைகளும் மஞ்சளித்துச் சாய்ந்தன. பூ வரவேயில்லை.

"ஹாலந்து நாட்டுப் பூ நம் ஊரில் எப்படிப் பூக்கும்?" என்று வீட்டுப் பிள்ளைகள் கேட்டனர். அக்கேள்வி நம்மைச் சிந்திக்க வைத்தது. துலிப் ஹாலந்துக்கு உரியதுதானா? அது ஏன் இங்கே பூக்க மறுத்தது? முதல் வினாவுக்கு வரலாறும், இரண்டாவது வினாவுக்குக் கிழங்கும் விடை பகர்கின்றன.

மலைச் சரிவில் பிறந்த மலர்

துலிப்பின் தாயகம் மத்திய ஆசியாவின் மலைச் சரிவுகள். உறைபனி உருகும் வேளையில், யாரும் விதைக்காமலே அது அங்கே பூத்துக் குலுங்கியது. பாரசீகத்தார் அதனை 'லாலா' என்றனர். துருக்கியர் 'லாலே' என்றனர். காபூலைச் சூழ்ந்த மலையடிவாரங்களில் எத்தனை வகை லாலா மலர்கள் உள்ளன என்று பாபர் எண்ணிப் பார்க்கச் செய்தார். 32 அல்லது 33 வகைகள் கிடைத்தன என்றும், அவற்றுள் ஒன்று ரோஜாவின் மணம் வீசியது என்றும் தம் வரலாற்று நூலில் குறித்து வைத்தார். போர்க்களங்களுக்கு இடையிலும் பூக்களை எண்ணிய மன்னர் அவர்.

அவருடைய கொள்ளுப் பேரர் ஜஹாங்கீர் 1620 ஆம் ஆண்டின் வசந்தத்தைக் காஷ்மீரில் கழித்தார். அங்கே வீட்டுக் கூரைகளின் மீதும் லாலா பூத்திருந்த காட்சியை அவருடைய நினைவேடு பேசுகிறது. அவர் பணித்தபடி ஓவியர் மன்சூர் நூற்றுக்கும் மேற்பட்ட மலர்களை வரைந்தார். அவர் வரைந்த செந்நிறத் துலிப் இன்றும் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் மௌலானா ஆசாத் நூலகத்தில் பேணப்படுகிறது.

உதுமானியத் துருக்கியரோ இம்மலரை உள்ளத்திலேயே நட்டுக்கொண்டனர். 'லாலா' என்னும் சொல்லை எழுதும் அரபு எழுத்துகளே இறைவனின் திருநாமத்தை எழுதவும் அமைகின்றன. அப்ஜத் கணக்கில் இரண்டிற்கும் மதிப்பு 66. அதனால் இம்மலருக்குத் தனி மதிப்பு உண்டாயிற்று. 16 ஆம் நூற்றாண்டில் இஸ்தான்புலில் எழுந்த ருஸ்தம் பாஷா பள்ளிவாசலின் சுவர்களில் இஸ்னிக் ஓடுகள் பதிக்கப்பட்டன. அவ்வோடுகளில் மலர்ந்த துலிப்புகள் இன்னும் வாடவில்லை.

மேற்கே சென்ற கிழங்கு

1554 இல் சுல்தான் சுலைமானின் அவைக்கு அனுப்பப்பட்ட ஆஸ்திரியத் தூதர் புஸ்பெக், இம்மலரைப் பற்றித் தம் கடிதங்களில் எழுதினார். தலைப்பாகைத் துணியைக் குறிக்கும் 'துல்பந்த்' என்னும் சொல்லே ஐரோப்பிய நாவில் துலிப் ஆயிற்று. மலரின் வடிவுக்குச் சொன்ன உவமையை மலரின் பெயராகவே கொண்டுவிட்டனர் போலும்! தாவரவியலறிஞர் குளூசியஸ் 1593 இல் ஹாலந்தின் லெய்டன் நகருக்குச் சென்று, பல்கலைக்கழகத் தோட்டத்தில் கிழங்குகளை நட்டார். அடுத்த வசந்தத்தில் அங்கே துலிப் மலர்ந்தது.

பின் நடந்ததை உலகம் அறியும். வரிவரியாக நிறம் சிதறிய துலிப்புகளுக்காக டச்சு வணிகர் போட்டியிட்டனர். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கைக் கண்ணால் காணாமலே, வெறும் ஒப்பந்தச் சீட்டின் பேரில் விலை பேசினர். 1637 பிப்ரவரியில் வாங்குவார் இன்றிப் போகவே, விலை ஒரேயடியாகச் சரிந்தது. நாடே அழிந்தது என்பது மிகைக் கூற்று என்று இக்கால ஆய்வாளர் காட்டியுள்ளனர். எனினும் சொன்ன சொல்லின் மீதிருந்த நம்பிக்கை அங்கே உடைந்தது உண்மை. அவர்கள் பொன் கொடுத்து வாங்க முயன்ற அந்த வரிகளோ ஒரு நோயின் அடையாளம்! அசுவினிப் பூச்சி பரப்பும் நச்சுயிரியே அதற்குக் காரணம் என்பது 1928 க்குப் பின்னரே தெளிவாயிற்று.

பூந்தோட்டமும் அச்சகமும்

பிறரைப் பார்த்து நகைப்பதோடு நாம் நின்றுவிடலாகாது. நம்மவர் வரலாற்றிலும் அம்மயக்கம் உண்டு. சுல்தான் மூன்றாம் அஹ்மதின் ஆட்சியில், 1718 முதல் 1730 வரை, தலைமை அமைச்சராக விளங்கியவர் இப்ராஹீம் பாஷா. அக்காலத்தைப் பிற்கால எழுத்தாளர் 'லாலேக் காலம்' என்றே அழைத்தனர். செல்வர்கள் அரிய கிழங்குகளுக்காகப் பெரும் பொருளை வாரி இறைத்தனர். விலை எல்லை மீறவே, அரசே கிழங்குகளுக்கு விலைப்பட்டியல் வகுத்துக் கட்டுப்படுத்த நேர்ந்தது. தோட்ட விருந்துகள் ஒருபுறம் நடக்க, வரிச்சுமையும் போர்த் தோல்வியும் மக்களை மறுபுறம் வாட்டின. 1730 இல் பத்ரோனா கலீல் தலைமையில் கலகம் மூண்டது. அமைச்சர் கொல்லப்பட்டார், சுல்தான் அரியணை துறந்தார், மாளிகைகள் பல பாழாயின.

எனினும் அக்காலத்தை வெறும் கேளிக்கைக் காலம் என்று தள்ளிவிடுவது நேர்மையன்று. 1727 இல் இப்ராஹீம் முத்தஃபர்ரிக்காவுக்கு அச்சகம் நிறுவ அரசாணை கிடைத்தது அப்போதுதான். 1729 இல் அவருடைய முதல் நூலாக ஓர் அகராதி வெளிவந்தது. கலகத்தின் பின்னும் அவ்வச்சகம் இயங்கியது. 1742 வரை 17 நூல்களை வழங்கியது. பெருவிலை பெற்ற அக்காலக் கிழங்குகளுள் ஒன்றையேனும் நாம் இன்று காட்ட முடியுமா? அச்சேறிய நூல்களோ நூலகங்களில் இருக்கின்றன. ஆயினும் அக்காலத்துக்கு வாய்த்த பெயர் அச்சகத்தின் பெயரன்று, பூவின் பெயர்!

குளிரை எதிர்நோக்கும் கிழங்கு

இனி நம் தொட்டிக்குத் திரும்புவோம். வெங்காயத்தை நெடுக்காக அரிந்து பார்த்தால் துலிப் கிழங்கின் அமைப்பு விளங்கும். அடுக்கடுக்கான இதழ்களில் உணவைச் சேர்த்துக்கொண்டு, நடுவே குருத்தைக் காத்து நிற்கிறது அது. முந்தைய கோடையிலேயே அடுத்த ஆண்டின் பூ அதனுள் சிறு வடிவில் உருவாகிவிடுகிறது. ஆனால் தண்டு நீண்டு பூ வெளிவர வேண்டுமாயின், 9 பாகை செல்சியசை ஒட்டிய குளிரில் 12 முதல் 16 வாரங்கள் அது துயில வேண்டும். சென்னையில் தை மாத இரவிலும் வெப்பம் 20 பாகையை ஒட்டியே நிற்கிறது. ஆகவே நம் கிழங்கினுள் பூ இருந்தது. வெளிவரும் வழிதான் இல்லை. குளிர்பதனப் பெட்டியில் வைத்து ஒருமுறை பூக்கச் செய்வாரும் உளர். ஆயினும் நம் வெயிலில் அக்கிழங்கு மறு ஆண்டுக்குத் தேறுவதில்லை.

நம் மண்ணின் வசந்தம்

நமக்கு வசந்தம் பனி உருகி வருவதன்று. மழை பெய்து வருவது. அதற்கேற்ற கிழங்குகள் நம்மிடம் உண்டு. மழை பெய்த சில நாள்களில் திடீரெனப் பூக்கும் மழை லில்லிக்குக் கைப்பிடி அகலத் தொட்டியே போதும். தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தள், கோடையில் மண்ணுக்குள் உறங்கிப் பருவமழையில் கொடியாக எழுவது. அதன் கிழங்கு கொடிய நஞ்சு. குழந்தைகள் உள்ள வீட்டில் அதனைத் தவிர்ப்பதே நலம். ஆயினும் அந்நஞ்சிலுள்ள கோல்சிசின் என்னும் பொருளே மூட்டு வாதத்துக்கு மருந்தாகிறது. யூனானி ஹகீம்கள் மூட்டு நோவுக்குக் கையாண்ட 'சூரிஞ்சான்' கிழங்கிலும் இருப்பது அதே பொருள்தான்.

கடற்கரை வீடுகளுக்கு நாம் பரிந்துரைப்பது நிலச்சம்பங்கி. 25 முதல் 30 கிராம் எடையுள்ள கிழங்குகளை ஆனி, ஆடி மாதங்களில் ஓரங்குல ஆழத்தில் ஊன்ற வேண்டும். வடிகால் உள்ள மணற்பாங்கான மண்ணும் நிறைந்த வெயிலும் வேண்டும். நீர் தேங்கினால் கிழங்கு அழுகும். உப்புக் காற்று நேரே தாக்காதவாறு ஒரு மறைப்பு இருத்தல் நன்று. பூத்து ஓய்ந்தபின் இலைகளை அவசரப்பட்டு அறுத்துவிடக் கூடாது. அடுத்த பூவுக்கான உணவை அவையே கிழங்குக்கு அனுப்புகின்றன. இவ்வாறு பேணினால் மூன்றாண்டுகள் வரை பூக்கும்.

மணமாலையில் நாம் சூட்டும் இச்சம்பங்கியும் நம் மண்ணில் பிறந்ததன்று. அதன் தாயகம் மெக்சிகோ. உருது மொழியினர் அதனைக் 'குலே ஷப்போ', இரவில் மணக்கும் மலர், என்றனர். தமிழர் தமக்குப் பழகிய சம்பங்கியின் பெயரையே அதற்கும் சூட்டித் தம் வீட்டுப் பிள்ளையாக்கிக்கொண்டனர்.

ஆகவே பிள்ளைகளுக்கு நாம் அளித்த விடை இதுதான்: துலிப் ஹாலந்துக்கும் சொந்தமன்று, துருக்கிக்கும் சொந்தமன்று, அது மலைக்குச் சொந்தம். மலருக்கு உரிமை கொண்டாடியோர் மறைந்தனர். அதனைப் பேணியோர் கைகளில் அது வாழ்கிறது. சென்ற ஆடியில் அதே தொட்டியில் சம்பங்கி ஊன்றினோம். இப்போது இஷாத் தொழுகை முடிந்து கதவைத் திறந்தால், கடற்காற்றோடு அதன் மணமும் வீட்டினுள் வருகிறது.