கல்லில் எண்ணும் கணிப்பொறியில் எண்ணும்

எழுத்துகளின் வரிசையில் எண் எங்கே தொடங்குகிறது? எங்கே முடிகிறது? அதன் மதிப்பு என்ன? கணிப்பொறி ஆணைகளைப் படித்து நிறைவேற்றும் ‘இன்டர்பிரிட்டர்’ என்னும் நிரல் இவற்றிற்கு விடை காண வேண்டும். கல்வெட்டைப் படிப்போரும் அவ்வாறே.

தருமபுரி மாவட்டத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் பல கிடைத்துள்ளன. ஆநிரைப் பூசல்களில் வீழ்ந்த வீரர்களின் நினைவாக எழுப்பப்பட்ட இவற்றுள் பல, மன்னனின் ஆட்சியாண்டை வட்டெழுத்தில் கூறுகின்றன. வீரன் மாண்ட காலத்தை அறிய அந்த ஆண்டே சான்று. அதைத் தவறாகப் படித்தால் வரலாறும் பிழையாகும்.

நடுகற்கள் பலவற்றில் ஆண்டு சொல்லாலேயே எழுதப்பட்டுள்ளது. சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளிலோ எண்குறிகள் மிகுதி. ௧, ௨ ஆகிய குறிகள் க, உ என்னும் எழுத்துகளை ஒத்தவை. எனினும் குழப்பமில்லை. ‘யாண்டு’ என்ற சொல் எண்ணின் தொடக்கத்தையும், ‘ஆவது’ என்ற சொல் அதன் முடிவையும் காட்டிவிடும். இன்டர்பிரிட்டரும் இலக்கத்தைக் கண்டவுடன் எண் தொடங்கியதாகக் கொள்கிறது. எண்ணுக்குரியதல்லாத எழுத்து வந்தால் முடிந்ததாகக் கொள்கிறது.

மதிப்பைக் கணிப்பதில்தான் வேறுபாடு. 25 என்பதைப் படிக்கும் நிரல் முதலில் 2-ஐ எடுக்கும். அதைப் பத்தால் பெருக்கி 5-ஐக் கூட்டும். பழந்தமிழ் முறையில் சுழியம் இல்லை; பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ எனத் தனிக் குறிகள் உண்டு. ௨௰௫ என்றால் இரண்டு பத்தும் ஐந்தும், அதாவது 25. இங்கு ௰ என்பதைப் பத்து மதிப்புடைய இலக்கமாகக் கருதி முந்தைய விதியைக் கையாண்டால் 305 என்ற விடை வரும்! அக்குறிகளை விட்டுவிட்டாலும் தீங்குதான்: 205-ஐக் குறிக்கும் ௨௱௫ என்பது 25 ஆகிவிடும்.

1991-இல் வெளியான பைத்தான் மொழியின் இன்றைய வடிவங்கள், ‘௨௫’ என்னும் எழுத்துத் தொடரை 25 என எண்ணாக மாற்றித் தருகின்றன. தமிழ்ச் சுழியம் யூனிகோடில் 2005-இல் சேர்ந்ததால் ‘௨௦௫’ என்பதும் 205 ஆகிறது. ஆனால் ‘௨௰௫’ என்று கொடுத்தால் பிழை என மறுத்துவிடும். தவறான விடை தருவதைவிட மறுப்பது நன்று.

இதற்குத் தீர்வு எளிது. இலக்கம் வந்தால் கையில் வைத்துக்கொள்க. ௰, ௱, ௲ வந்தால் கையிலுள்ளதை அதனால் பெருக்கிக் கூட்டுத்தொகையில் சேர்க்க; கையில் ஒன்றுமில்லையெனில் ஒன்று எனக் கொள்க. இறுதியில் எஞ்சியதைக் கூட்டுக. பத்தாயிரத்துக்குக் குறைந்த எண்களுக்கு இவ்விதி போதும்.

குறிகளை அறிவது பாதி வேலையே. எழுதியவன் எந்த விதியால் எழுதினான் என அறிவதே மீதி. கல்வெட்டுகளைக் கணிப்பொறியில் ஏற்றும் மாணவர்கள் இதை மறத்தலாகாது.