கொம்பு வில்லும் ஒரு துருக்கிப் புத்தகமும்

கும்பகோணம் சார்ங்கபாணி கோவிலுக்குப் பலமுறை போயிருக்கிறேன். 'சார்ங்கம் என்ற வில்லைக் கையில் ஏந்தியவன்' என்று பெயருக்குப் பொருள் தெரியும். ஆனால் 'சார்ங்கம்' என்ற சொல்லே 'சிருங்கம்', அதாவது கொம்பு என்பதிலிருந்து வந்தது என்பது ரொம்பத் தாமதமாகத்தான் உறைத்தது. கொம்பால் செய்த வில்! அர்த்தசாஸ்திரமும் வில் வகைகளில் பனை, மூங்கில், மரம் இவற்றோடு கொம்பையும் சேர்த்தே சொல்கிறது. சரி, கொம்பில் எப்படி வில் செய்வார்கள்? இந்தக் கேள்வி என்னைக் கொண்டுபோய் விட்ட இடம் இஸ்தான்புல். அங்கே இதைப் பற்றி விரிவாக ஒரு புத்தகமே எழுதி வைத்திருக்கிறார்கள்.

முதலில் கொஞ்சம் இயற்பியல். ஒரு குச்சியை வளைத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நெருக்கப்படும், நடுப்பகுதி கிட்டத்தட்ட சும்மா இருக்கும். மர வில்லில் எல்லாவற்றையும் ஒரே மரம் தாங்கணும். அதனால்தான் இங்கிலாந்தின் நெடுவில் ஆள் உயரம் இருக்கும். அதைக் குட்டையாகச் செய்து அதே அளவு இழுத்தால் ஒடிந்துவிடும். துருக்கியர் வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள். நடுவில் மேப்பிள் மரம். எய்பவரைப் பார்த்த பக்கம் எருமைக் கொம்புப் பட்டை, நெருக்கத்தைத் தாங்க. வெளிப்பக்கம் மாட்டுக்கால் தசைநாண், இழுவையைத் தாங்க. சுமார் 110 செ.மீ. நீளம்தான், குதிரை மேலிருந்து எய்ய வசதி. 1790-களில் லண்டனில் துருக்கித் தூதரகச் செயலாளர் மஹ்மூத் எஃபெண்டி இப்படி ஒரு வில்லால் 482 கஜம், ஏறக்குறைய 440 மீட்டர், எய்து காட்டினார். பார்த்த ஆங்கில வில்லாளிகள் அசந்துபோனார்கள்.

செய்முறைக்குப் பொறுமை வேண்டும். மரத்திலும் கொம்பிலும் நீளவாக்கில் காடி கீறி, ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும்படி ஒட்டிக் கயிற்றால் இறுக்குவார்கள். பசை, நம்ம ஊர்த் தச்சர்கள் முன்பு காய்ச்சிய வஜ்ஜிரத்தின் உறவுதான். மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையும் உண்டு. காய்ந்த தசைநாணை இடித்து, நாராகப் பிரித்து, சீப்பால் வாரி, பசையில் தோய்த்து அடுக்கடுக்காகப் பரப்புவார்கள். பிறகு வில்லை எதிர்ப்பக்கம் வளைத்துக் கட்டி மாதக்கணக்கில் காயவிடுவார்கள். ஒரு வில் முடிய ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான். வில்லை இதமாகச் சூடுகாட்டி, எதிர்த்திசையில் மெல்லத் திருப்பி, முதல்முறையாக நாண் ஏற்றுவார்கள். இரு கரங்களும் ஒரே சீராக வளைகின்றனவா? விறைப்பான இடத்தில் கொம்பை அரத்தால் கொஞ்சம் ராவணும். கரம் முறுக்கிக்கொண்டால் சூடுகாட்டி நேராக்கணும். இதை ஆங்கிலத்தில் டில்லரிங் என்கிறார்கள். ராவிய கொம்பைத் திரும்ப ஒட்ட முடியாது. முறுக்கைக் கவனிக்காமல் விட்டால் நாண் நழுவி, வில் பழைய பக்கத்துக்கே புரண்டு ஒடியும். ஓராண்டு உழைப்பு ஒரு நொடியில் போச்சு!

1826-இல் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் ஜானிசரிப் படையைக் கலைத்தார். போர்க்களத்தில் வில்லின் காலம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. ஆனால் அதே சுல்தான் வில்வித்தைப் பிரியர். அவர் ஆணைப்படி 1830-களில் முஸ்தஃபா கானி இந்தக் கலையைப் புத்தகமாகத் தொகுத்தார். 1920-களில் யோவாகிம் ஹைன் அதை ஜெர்மனில் தந்தார். அதைப் படித்த அமெரிக்க இயற்பியலாளர் பால் கிளாப்ஸ்டெக் 1934-இல் ஆங்கிலத்தில் எழுதினார். கனடாவின் ஆடம் கார்போவிச், தானே வில் செய்து பார்த்து, 2008-இல் செய்முறை நூல் வெளியிட்டார். 2019-இல் துருக்கி வில்வித்தை யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

மென்பொருள் வேலையில் எனக்குப் பழகிய கதை இது. எழுதிய ஆள் போனபின் ஆவணம் இருந்தால் பாதிக் கிணறு தாண்டலாம். 'கொம்பை ராவு' என்று புத்தகம் சொல்லும்; இந்த வில்லில், இந்த இடத்தில், எவ்வளவு என்பதைக் கையும் கண்ணும்தான் சொல்லணும். அதைப் பின்னால் வந்தவர்கள் வில்களை ஒடித்து ஒடித்துத்தான் மறுபடி கற்க வேண்டியிருக்கும். ஆனால் கானி எழுதாமல் போயிருந்தால், எதை ஒடிப்பது என்றுகூடத் தெரிந்திருக்காது.

உங்கள் ஊரில் வஜ்ஜிரம் காய்ச்சத் தெரிந்த வயதான தச்சர் யாராவது இருந்தால், அடுத்த முறை பார்க்கும்போது அதன் பக்குவத்தைக் கேட்டு எழுதி வையுங்கள்.